ரெண்டாங்கரண்டியார் வெளியிட்ட திருத்தம்

ஒரு மனிதர் பத்தொன்பது வருடம் வெளியே சாப்பிட்டால் அவரைச் சுகவாசி என்று ஊர் சொல்லும். அதற்குச் சம்பளமும் வாங்கினால் ஊர் ஒன்றும் சொல்லாது, வயிறு மட்டும் எரியும். ரெண்டாங்கரண்டியாரைப் பார்த்து அப்படி எரிந்த வயிறுகள் ஏராளம். அவருடைய சொந்த வயிறு எரிந்தது வேறு காரணத்தால். அதற்கு மாத்திரை இருந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்.

பத்திரிகையில் அவர் கையெழுத்தே அந்தப் பெயர்தான். கொள்கையால் வந்த பெயர் அது. ஒரு தட்டில் மூன்று கரண்டிக்கு மேல் அவர் தொடுவதில்லை. முதல் கரண்டி பசியின் பேச்சு, அதை நம்பக் கூடாது. மூன்றாவது கரண்டி பழக்கத்தின் பேச்சு, அதையும் நம்பக் கூடாது. ரெண்டாவது கரண்டி ஒன்றுதான் சத்தியம் பேசும். அப்படியானால் மூன்றாவது எதற்கு என்று அலுவலகத்தின் துணையாசிரியர் ஒருமுறை கேட்டார். "சாட்சிக்கு" என்று பதில் வந்தது. துணையாசிரியர் அதற்குப் பிறகு கொள்கை விஷயங்களில் தலையிடவில்லை.

வார இறுதி இணைப்பில், கடைசிக்கு முந்தின பக்கத்தில், பற்பசை விளம்பரத்துக்குக் கீழே, குறுக்கெழுத்துக்கு மேலே அவருக்கு இடம். ஊரில் உள்ள காபிக் கடைகளிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் தின்றதையும் குடித்ததையும் பற்றிக் கடைக்கு அஞ்சாறு வரி. பிறகு நட்சத்திரம். கடைசியாக, எந்தக் கடையானாலும் மாறாத ஒரே கேள்வி: மறுபடி போவேனா? அந்தக் கேள்விக்கு அவர் எழுதும் பதிலைத்தான் ஊர் முதலில் படிக்கும். பல பேர் அதை மட்டும்தான் படிப்பார்கள்.

அவர் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவரல்ல. அதே பத்திரிகையில் மரண அறிவிப்புப் பகுதியில் இருந்தார். இறந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டுமே எழுதி எழுதி அலுத்துப்போயிருந்த சமயம், முன்பு சாப்பாட்டுப் பத்தி எழுதிக்கொண்டிருந்தவருக்கு மருத்துவர் சர்க்கரையையும் உப்பையும் எண்ணெயையும் ஒரே சீட்டில் தடை செய்தார். காலி இடத்துக்கு ஆள் தேடிய ஆசிரியர் கண்ணில், ஒட்டிய கன்னத்தோடு இவர் பட்டார். சாப்பாட்டில் ஆசை இல்லாத ஆள் போலிருக்கிறது, நடுநிலையோடு எழுதுவார் என்று முடிவாயிற்று. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி உண்மை எழுதலாம் என்ற நினைப்பே அவருக்கு முதல் மூன்று வருடம் இனித்தது.

அந்த மூன்று வருடமும் மனைவியும் கூடப் போவாள். இவர் ஒன்று சொல்வார், அவள் வேறொன்று சொல்வாள், பாதியில் தட்டு மாறும். வீட்டுக்கு வந்து எழுதியதை முதலில் படிப்பவளும் அவள்தான். 'நாவில் நடனமாடியது' என்பதை அவர் பதினாலு தடவை எழுதியிருப்பதை எண்ணிச் சொன்னவள் அவள். பதினைந்தாவது தடவை பத்திரிகையில் வரவில்லை. பிறகு அலுவலகம் ஒரு வாய்க்குத்தான் பொறுப்பேற்கும் என்று சொல்லிவிட்டது. மனைவிக்கும் பல் மருத்துவமனையில் முன்மேசை வேலை கிடைத்தது. கணவருக்கு ஊராரின் சமையல், மனைவிக்கு ஊராரின் பல் என்று குடும்பம் ஒரு மாதிரி ஒரே துறையில் நிலைபெற்றது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். காபியும் புளிக்கும் என்று சொல்ல ஆள் இல்லை. பத்திரிகை கைப்பேசிக்குள் புகுந்த பிறகு வாரம் நாலு கடையாக இருந்தது ஒன்பதாயிற்று. கடைகளோ ஒன்றைப் பார்த்து ஒன்று பிறந்தவை. பூசாத செங்கல் சுவர், கயிற்றில் தொங்கும் பல்பு, காலைக் கீழே ஊன்ற முடியாத உயர முக்காலி. காபி நுரையில் இலை வரைந்து கொடுத்தார்கள். அவர் குடித்த இலைகளை நட்டிருந்தால் இந்நேரம் ஒரு காடு இருந்திருக்கும். ஒரே கேக் ஐந்து கடைகளில் ஐந்து பெயரில் வந்தது. அது ஒரே அடுப்பில் வெந்து ஒரே வண்டியில் வருகிறது என்பதை ரெண்டாவது கரண்டி அவருக்குச் சொல்லும். ஐந்து பெயருக்கும் ஐந்து விதமாக எழுதுவது அவர் பிழைப்பு. மாலையானால் நாக்கு, அலுவலகத்தில் எல்லோரும் கால் துடைக்கும் மிதியடி மாதிரி ஆகிவிடும்.

அவர் குறிப்பெடுக்கும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். வந்த வினை எல்லாம் அதனால் வந்தது.

நோட்டுப் புத்தகத்தை எடுத்தால் கடைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். கேக்கின் துண்டு பெரிதாகும், சிரிப்பு பெரிதாகும், உண்மை சிறிதாகும். அதனால் அவர் மேசைமேல் இருக்கும் டிஷ்யூ தாளில் எழுதுவார். இந்தக் காலத்துக் கடைகள் டிஷ்யூவிலும் தங்கள் பெயரை அச்சடித்துவிடுகின்றன. ஆகவே கடைப் பெயரைத் தனியாக எழுத வேண்டியதில்லை. எந்தக் கடையின் சாப்பாடோ அந்தக் கடையின் தாள். வியாழக்கிழமை காலை, வாரத்துத் தாள்களைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வரிசையாகப் பரப்பி, கைப்பேசியில் படம் பிடித்துத் துணையாசிரியருக்கு அனுப்பிவிடுவார். பன்னிரண்டு மணிக்குள் போனால் சனிக்கிழமை அச்சில் வரும். அச்சடித்த பெயரைத் தலைப்பாக வைத்து, கிறுக்கியதைக் கீழே போட்டு, துணையாசிரியர் முடித்துவிடுவார். பத்து வருடத்தில் ஒரு பிழை வந்ததில்லை.

அவர் கடைகளிலிருந்து எழுதாத தாள்களையும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வருவார் என்பது தொழில் ரகசியம். வீட்டு மேசையில் கை துடைக்கக் காசு கொடுத்து வாங்கிய தாள் இருந்ததே இல்லை. அலமாரியின் மேல் இழுப்பறையைத் திறந்தால் ஊரின் எல்லாக் கடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்.

ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர் எட்டரைக்கு வந்தார். அன்றைக்கு நாலு கடை முடிந்திருந்தது. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் நாலு வருடம் ஆன வீடு. மேசைக்கு இரண்டே நாற்காலி. மனைவி சூப்பும் ரொட்டியும் வைத்துவிட்டு உள்ளே போனாள். ரெண்டாங்கரண்டியார் உட்கார்ந்தார். ஒரு கரண்டி. ரெண்டு கரண்டி. வலது கை தானாகச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தது, இடது கை தானாக மேசைமேல் இருந்த தாளை இழுத்தது. தலை அதில் சம்பந்தப்படவில்லை. அது வீடா கடையா என்று விசாரிக்கிற தெம்பு அந்தத் தலைக்கு அப்போது இல்லை. எழுதி, நாலாக மடித்து, பையில் போட்டுக்கொண்டு, மூன்றாவது கரண்டியோடு எழுந்து படுக்கப் போனார். அந்தத் தாளில் நீலக் கோப்பை என்று ஒரு கடையின் பெயர் அழகாக அச்சடித்திருந்தது.

சனிக்கிழமை இப்படி வந்தது:

'நீலக் கோப்பை. பருப்பும் காரட்டும் போட்ட சூப். சூடு போதாது, அடுப்பை விட்டு இறங்கி யாருக்காகவோ வெகுநேரம் காத்திருந்த சூப். உப்பு கையால் போட்டது, மனத்தால் போட்டதல்ல. ரொட்டி நேற்றையது, ஆனாலும் மரியாதையாகச் சுடவைத்திருந்தார்கள். மேசையின் ஒரு கால் குட்டை. மருந்து டப்பாவை மடித்துச் செருகியிருக்கிறார்கள். பரிமாறுபவர் தட்டை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போகிறார். இரண்டு நட்சத்திரம். மறுபடி போவேனா? வேறு வழியில்லை என்றால் போவேன்.'

எழுதியவர் அதைப் படிக்கவில்லை. தன் எழுத்தை அச்சில் படிப்பதை அவர் விட்டுப் பல வருடம் ஆகிறது. பல் மருத்துவமனையின் காத்திருக்கும் அறையில், கன்னம் வீங்கிய ஒருவர் தன் வலியை மறக்க அதைச் சத்தமாகப் படித்தார். மற்ற வீங்கிய கன்னங்கள் முடிந்த அளவு சிரித்தன. முன்மேசையில் இருந்தவள் 'யாருக்காகவோ வெகுநேரம் காத்திருந்த' என்ற இடத்தில் பேனாவைக் கீழே வைத்தாள். மருந்து டப்பா வந்தபோது சந்தேகத்துக்கு இடமே இல்லை. அது அவளுடைய தைராய்டு மாத்திரை டப்பா. போன வருடம் அவள் கையாலேயே மடித்துச் செருகியது. கடைசி வரியையும் கேட்டு முடித்தாள். "அடுத்தவங்க உள்ள போங்க" என்றாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரே ஒரு காரியம் செய்தாள். குனிந்து, மேசைக்காலுக்கு அடியிலிருந்த டப்பாவை உருவி எடுத்துக் குப்பையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டாங்கரண்டியார் முழங்கையை ஊன்றியபோது மேசை சாய்ந்து தண்ணீர் மடியில் கொட்டிற்று. "மேசை ஆடுது" என்று தகவல் சொன்னார். "ஆமா" என்று தகவல் உறுதி செய்யப்பட்டது. ஒரு வாக்கியத்தின் ரெண்டாவது கரண்டியை ருசி பார்க்கத் தெரிந்திருந்தால் அந்த 'ஆமா'விலேயே அவருக்குப் புரிந்திருக்கும். அவர் பயிற்சி எல்லாம் சூப்பில்தான்.

திங்கட்கிழமை நீலக் கோப்பையின் உரிமையாளர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்ட அம்மாள். சத்தம் போடவில்லை. துணையாசிரியரின் மேசைமேல் பத்திரிகையை வைத்தார், பக்கத்தில் தன் கடையின் பட்டியல் அட்டையை வைத்தார், அதற்குப் பக்கத்தில் தன் கடை மேசையின் கால் படத்தை வைத்தார்.

"எங்க கடையில சூப்பே கிடையாது சார். ஆரம்பிச்ச நாள்லேருந்து காபியும் கேக்கும்தான். சனிக்கிழமை மட்டும் ஒன்பது பேர் வந்து அந்த மோசமான சூப் ஒண்ணு குடுங்கன்னு கேட்டாங்க."

"மோசம்னு படிச்சுட்டுமா கேட்டாங்க?" என்றார் துணையாசிரியர்.

"எவ்வளவு மோசம்னு பாக்கணுமாம்."

பிறகு மேசைக்கு வந்தார். கடையில் எல்லா மேசையும் இரும்புக்கால், தரையோடு முடுக்கியது. அதில் மருந்து டப்பாவை எங்கே செருகுவது என்று செய்து காட்டினால் தானும் தெரிந்துகொள்ளலாம் என்றார். பதினோரு வருடமாகப் பரிமாறுகிற பெண்மணி, வருகிற எல்லோரையும் முகம் பார்த்து விசாரிப்பதால்தான் பாதி வாடிக்கையே என்றும், அவர் இரண்டு நாளாக யார் முகத்தைப் பார்க்கவும் கூச்சப்படுகிறார் என்றும் சொன்னார்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ரெண்டாங்கரண்டியார் மருந்து டப்பாவிலேயே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மடியில் கொட்டிய தண்ணீர் அப்போதுதான் அவருக்குச் சில்லென்று உறைத்தது.

"அப்போ எங்கதான் சார் சாப்பிட்டீங்க?" என்று துணையாசிரியர் கேட்டார்.

"தெரிஞ்ச இடத்துலதான்" என்றார்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவர்களைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. அதை நாற்பதாயிரம் பிரதி அச்சடித்துச் செய்தவர் இவராகத்தான் இருப்பார். வரும் சனிக்கிழமை திருத்தம் வெளியிடுவதாக உரிமையாளருக்கு வாக்குக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் தன் படத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவு வரை போய் நின்று, "அந்தச் சூப்ப வச்சவங்க யாரோ, அவங்க படிச்சாங்களா?" என்று கேட்டார். "எனக்காவது வந்து கேக்க ஒரு ஆபீஸ் இருக்கு."

அவர் போனதும் துணையாசிரியர் பரிவோடு சொன்னார்: "அச்சுப்பிழைன்னு போட்டுடலாம் சார். ஒரே வார்த்தை. நம்ம தொழில்ல எல்லாப் பாவமும் அதுல கரைஞ்சிடும்." அது வேண்டாம் என்று ரெண்டாங்கரண்டியார் தானே எழுதினார். 'சென்ற வாரம் இப்பகுதியில் வெளியான குறிப்பு நீலக் கோப்பையைப் பற்றியதன்று. வேறோர் இடத்தைப் பற்றியது. வருந்துகிறோம்.' மரண அறிவிப்புப் பகுதியில் கற்ற நடை, ஆபத்துக்கு உதவியது.

மாலையில் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், ஆடுகிற மேசைமேல் மனைவியின் முன்னால் வைத்தார். பல வருடம் கழித்து அவளுக்கு அவர் படிக்கக் கொடுத்த முதல் எழுத்து அது. அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"வேறோர் இடம்" என்றாள். பிறகு, "வருந்துறது யாரு? ஆபீஸா?"

அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. பல் பிடுங்க நாள் குறித்துக் கொடுக்கிற அதே குரலில், வரிசையாகச் சொன்னாள்.

"நீங்க எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல. சூடு இல்லதான். ஏழு மணிக்கு வச்ச சூப். உப்பும் சரி, நெனப்பில்லாமத்தான் போடறேன். டப்பா என்னோடது. முகம் பாக்கறதில்லங்கறதும் உண்மை. ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன்?"

"ரெண்டாவது கரண்டி உள்ள போனதும் உங்க புருவம் மார்க் போடும். நீங்க வாயே திறக்க வேணாம். முன்னாடியெல்லாம் நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நாள் முழுக்க வலிக்குது வலிக்குதுன்னு வர்ற முகங்களப் பாத்துட்டு, வீட்டுக்கு வந்து இது ஒண்ணு எதுக்குன்னு விட்டுட்டேன்."

ரெண்டாங்கரண்டியார் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். புருவம் அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது, அதுவும் தெரிந்திருக்கவில்லை.

"அந்தக் கடைசி வரி மட்டும்" என்றாள் அவள். "வேற வழியில்லாம வர்ற ஆளுக்கு நான் எதுக்கு எட்டரை வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்? பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. வியாழக்கிழமை எனக்கு அரை நாள். நீங்க அதுக்கு வேற பதில் எழுதினா எழுதுங்க. பதில் வரலன்னா அன்னிக்கே நான் கெளம்பறேன், திரும்பி வர்றதப் பத்தி அங்க போய் யோசிக்கறேன். ஆனா பொய்யா எதுவும் எழுதாதீங்க. உங்க பொய்யெல்லாம் எனக்கு மனப்பாடம்."

பரண்மேல் இருந்த பெட்டி அன்றைக்கே இறங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

செவ்வாயும் புதனும் ரெண்டாங்கரண்டியார் பட்ட பாடு எழுத்தாளர்கள் யாரும் படாதது, பட்டாலும் வெளியே சொல்லாதது. தொங்கும் பல்புக்குக் கீழே, உயர முக்காலியில், காபியின் இலை கரைந்து போக, டிஷ்யூ தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மறுபடி போவேனா? நிச்சயம் போவேன் என்று எழுதினார். அது விளம்பரம் கொடுக்கிற கடைகளுக்கு என்று ஒதுக்கிவைத்த பதில், அடித்தார். குடும்பத்தோடு போவேன் என்று எழுதினார். போகிற இடமே குடும்பம் என்பது உறைத்து, அடித்தார். அடிக்கடி போவேன் என்பதை எழுதும்போதே பேனா கூசியது. செவ்வாய் மாலை துணிந்து, "ஆயிரம் முறை போவேன்" என்பதை மட்டும் மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.

"அது பாலத்துக்கிட்ட இருந்த ஐஸ்கிரீம் கடைக்கு எழுதினது" என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே. "அடுத்த மாசமே மூடிட்டாங்க." மடித்த துணி பெட்டிக்குள் போயிற்று.

அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது வேறொன்று. உண்மையான பதில் எது என்று அவருக்கே தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக மறுபடி போவேனா என்று வாரம் தவறாமல் ஊருக்குச் சொன்னவர், ஒரு கடைக்கும் மறுபடி போனதில்லை. போக நேரம் இருந்ததில்லை. மறுபடி மறுபடி அவர் போன ஒரே இடம் வீடு. அதைப் பற்றி இதற்கு முன் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

வியாழக்கிழமை வந்தது. பன்னிரண்டு மணிக்குத் திருத்தம் போக வேண்டும். காலையில் முட்டையும் ரொட்டியும் விற்கிற ஒரு புதுக் கடை, மூன்று மணிக்கு ஒரு பழச்சாற்றுக் கடை என்று பட்டியல் இருந்தது. முட்டைக் கடையின் வாசல் வரை போனார். உள்ளே செங்கல் சுவர் தெரிந்தது. கைப்பிடியில் கை வைத்தார், கை தள்ளவில்லை. எதிர்ப்புறம் நடந்தார். பூங்காவில் உட்கார்ந்தார், எழுந்தார். பதினொன்றரை மணி சுமாருக்கு வயிற்றில் இன்னதென்று தெரியாத ஒரு குடைச்சல் வந்தது. வழக்கமான எரிச்சல் என்று நினைத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அடங்கவில்லை. அது பசி என்று கண்டுபிடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பழைய சிநேகிதன், முகம் மாறிப்போயிருந்தான்.

துணையாசிரியர் கைப்பேசியில் அழைத்தார். ஒரு மணி வரை தாங்கலாம், அதற்கு மேல் அச்சுப்பிழைதான் என்றார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது பன்னிரண்டரை. மனைவி அடுப்படியில் நின்றபடியே கோப்பையிலிருந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமைகளில் மருத்துவமனையைப் பகலில் மூடிக் கருவிகளைக் கழுவுகிறார்கள் என்பதும், அவள் வாரா வாரம் இந்த நேரத்தில் இந்த வீட்டில் தனியாகச் சாப்பிடுகிறாள் என்பதும் அவருக்குக் கேள்விப்பட்ட செய்திகள். கண்ணால் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. கட்டிலின்மேல் பெட்டி திறந்தபடி இருந்தது. பாதி நிரம்பியிருந்தது.

"உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"பசிக்குது."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு கிண்ணத்தில் ஊற்றி மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் மேசை ஆடியது. ரெண்டாங்கரண்டியார் இடது கையால் மேசையை அழுத்திப் பிடித்துக்கொண்டார், வலது கையில் கரண்டியை எடுத்துக்கொண்டார். பேனாவுக்குக் கை மிச்சம் இல்லை.

முதல் கரண்டி உப்பாக இருந்தது. அது பசியின் பேச்சு என்று தள்ளினார். ரெண்டாவது கரண்டி சத்தியம் செய்தது: உப்பு, கடல் உப்பு. மூன்றாவது சாட்சி சொல்லிற்று. புருவம் எழுந்திருக்கப் பார்த்தது. தலையைக் கிண்ணத்துக்குள் கவிழ்த்து அதை மறைத்தார். இது பரீட்சை என்று அவருக்குத் தோன்றியது. வேண்டுமென்றே போட்டிருக்கிறாள். நன்றாக இருக்கிறது என்றால் பொய்யன் என்று பெட்டி மூடும். நன்றாக இல்லை என்றால் மார்க் போடுகிறவன் என்று பெட்டி மூடும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொன்னவர்கள், இவ்வளவு உப்பிட்டவரை எவ்வளவு நினைப்பது என்று சொல்லாமல் போய்விட்டார்கள். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே சாப்பிட்டதில் நாலாவது கரண்டி எப்போது போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு எண்ணிக்கையும் விட்டுப்போயிற்று. கரண்டி கிண்ணத்தின் அடியைச் சுரண்டிய சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தார்.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள். ஒன்பது பத்து வருடமாக அந்த வீட்டில் ஒலிக்காத கேள்வி.

ரெண்டாங்கரண்டியார் இரண்டு பதிலையும் ஒருமுறை பார்த்தார். இரண்டையும் சுமக்கத் தெம்பில்லை. "உப்பு ஜாஸ்தி" என்றார்.

அவள் கிண்ணத்தை வழித்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கிற்று. "ஆமா. ரெண்டு தடவ போட்டுட்டேன் போலருக்கு. நானும்தான் ஒரு கோப்பை குடிச்சேன், தெரியவே இல்ல." பரீட்சை எல்லாம் ஒன்றுமில்லை. அவளும் அசந்து போயிருந்தாள், அவ்வளவுதான். "அப்புறம் எதுக்கு முழுசா குடிச்சீங்க?"

"பசிச்சுது."

"வழியில எத்தனை கடை இருக்கு."

"இருக்கு. பசிச்சதும் கால் இந்தப் பக்கம்தான் வந்துது. நான் யோசிக்கல."

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத எந்தக் கடைக்கும் எழுதினதில்ல" என்றாள் கடைசியில்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது துணையாசிரியர் மறுபடி அழைத்தார். ரெண்டாங்கரண்டியார் நின்றபடி சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். அது இப்படி:

'திருத்தம். சென்ற வாரம் வந்த சூப் நீலக் கோப்பையில் பரிமாறியதல்ல. அங்கே சூப்பே கிடையாது. மேசைக்கால்கள் இரும்பு, பரிமாறுபவர் முகம் பார்த்து விசாரிப்பவர். அது எழுதியவரின் வீட்டுச் சூப். சூடு குறைந்ததற்குக் காரணம் எழுதியவர் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனது. மறுபடி போவேனா? பசித்தால் அங்கேதான்.'

எழுதி முடித்ததும் துணையாசிரியர், "நட்சத்திரம் அதே ரெண்டுதானா சார்?" என்று கேட்டார். தொழில் பக்தி.

அவர் மனைவியைப் பார்த்தார். "உப்புக்கு ஒண்ணு குறைச்சுட்டு மிச்சத்தப் போடச் சொல்லுங்க" என்றாள் அவள். ஐந்தில் ஒன்று குறைப்பதா இரண்டில் ஒன்று குறைப்பதா என்று துணையாசிரியர் விளக்கம் கேட்டார். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பெட்டி உடனே பரணுக்குப் போய்விடவில்லை. மகளிடம் வருகிறேன் என்று சொன்னது சொன்னதுதான், பத்து நாளில் திரும்பிவிடுவேன் என்றாள். திரும்புகிற தேதியையும் சொன்னாள். அவர் அதை எழுதிக்கொள்ள டிஷ்யூவைத் தேடினார். அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டு மனத்தில் குறித்துக்கொண்டார். பிறகு குனிந்து, பையிலிருந்த தாள்களையெல்லாம் சேர்த்து மடித்து மேசைக்காலுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். ஒன்பது கடைகள் சேர்ந்தும் ஒரு காலைத் தாங்கவில்லை, நசுங்கிப் படுத்துவிட்டன. மனைவி உள்ளே போய் இந்த மாதத்து டப்பாவைக் கொண்டுவந்தாள். அதில் இன்னும் ஆறு மாத்திரை இருந்தது. அவற்றை எடுத்து ஒரு கோப்பையில் போட்டுவிட்டு டப்பாவைக் கொடுத்தாள்.

மூன்று மணிக்குப் பழச்சாற்றுக் கடை. போய்த்தான் ஆக வேண்டும். வெயிலில் நடந்து போனார். தொண்டையில் சூப்பின் உப்பு நின்றது. எலுமிச்சைச் சாறு வந்தது. ஒரு வாய், ரெண்டு வாய் என்று நிறுத்த முடியவில்லை. கண்ணாடி டம்ளர் காலியான பிறகுதான் கொள்கை நினைவுக்கு வந்தது. இன்னொன்று வாங்கி அதையும் குடித்தார். ஐந்து நட்சத்திரம் போட்டார். ஏழு வருடத்தில் அவர் போட்ட முதல் ஐந்து.

அந்தக் கடைக்காரர் அதை வெட்டிச் சட்டம் போட்டு வாசல் கண்ணாடியில் மாட்டியிருக்கிறார். போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டுகிறார். எலுமிச்சை எங்கிருந்து வருகிறது, சர்க்கரை எவ்வளவு, பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் செய்தது என்று விளக்குகிறார். உப்பைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.